மலைவழி உணவு

மலைநடை மேற்கொள்ளும் மாணவர்கள் மூட்டையின் கனத்தைக் குறைக்க எண்ணுங்கால், உடையைக் குறைப்பர், போர்வையைக் குறைப்பர், உணவைக் குறைக்க மட்டும் அஞ்சுவர். அவ்வச்சம் தகுந்ததே. பசித்தவன் கால் மலையேறாது. எனினும், உணவைக் குறையாமலே உணவின் சுமையைக் குறைக்க வழியுண்டு. அதற்கு, உணவிலே சுமையாவது யாது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும்.

அச்சுமை பெரிதும் நீரே ஆகும். வடித்த சோற்றின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நீர். பொதிசோறு ஒரு வேளைக்கு நன்று. புளி சேர்ந்ததாயின் மறுநாளும் தாங்கக்கூடும். மூன்று நாள் நடைக்கு அது பயன்படாது. உலர்ந்த பொருளைச் சுமந்து சென்று, சமைக்கும் நீரைத் தங்கும் இடத்திற் பெறுவதே முறை.

அங்ஙனமாயின் அரிசியும் துவரம்பருப்பும் கொண்டு சென்றால் போதாதோ எனின், மலை அதற்கு இடந்தருவதில்லை. உயரம் மிகுந்தோறும் காற்றின் அழுத்தம் குறைகிறது. அதனால், நீர் கொதிக்கும் வெப்பநிலையும் 300 மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு பாகை வீதம் தாழ்கிறது. கடற்கரையில் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் நீர், 2,637 மீட்டர் உயரமுள்ள நீலகிரித் தொட்டபெட்டாவின் உச்சியில் ஏறத்தாழ 91 பாகையிலேயே கொதித்துவிடும். அடுப்பை எத்துணை எரித்தாலும் திறந்த கலத்து நீர் அதற்கு மேற் சூடேறாது. பருப்பு எளிதில் வேகாது, எரிபொருளோ தீர்ந்துவிடும்.

இன்னும் உயர்ந்த நிலத்தில் வாழும் திபெத்திய மக்கள் இதற்கு அழகிய விடை கண்டுள்ளனர். வாற்கோதுமையைச் சுடுமணலில் வறுத்துத் திரித்த மாவைச் 'சம்பா' என்பர். அதனை வெண்ணெய் கலந்த தேநீரிற் பிசைந்து உண்பர். கொதிநீருக்கு உள்ள எல்லை சுடுமணலுக்கு இல்லை. வறுக்கும்போதே தானியம் பக்குவமாகிவிடுவதால், பின்னர் வேகவைக்க வேண்டுவதில்லை.

நம் வீடுகளிலும் இம்மரபு உண்டு. அவலும் பொரியும் பொரிகடலையும் முன்னரே சூடு கண்டவை அல்லவா? ஆதலின் நடைநாள் உணவைப் பின்வருமாறு வகுத்துக்கொள்ளலாம். காலையில், கெட்டி அவலைக் கால் மணி நேரம் ஊறவைத்து, வெல்லத்தூள் கலந்து உண்ணலாம். நண்பகலுக்குப் பொரிகடலை மாவும் வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிடித்த உருண்டைகள் போதும். இரவுக்கு, ரவையை எண்ணெயில் கடுகு, மிளகாய் வற்றல், கறிவேப்பிலையுடன் ஈரமற வறுத்து, உப்பிட்டு, வீட்டிலேயே பொட்டலமாகக் கட்டிக்கொள்க. ஒரு பங்கு ரவைக்கு இரண்டரைப் பங்கு கொதிநீர் சேர்த்துக் கிளறினால் சில நிமிடங்களில் உப்புமா ஆயத்தமாகும்.

நெய்யையும் நிலக்கடலையையும் மறவாதீர்கள். ஒரு கிராம் மாவுப்பொருள் 4 கலோரி ஆற்றல் தரும். ஒரு கிராம் கொழுப்போ 9 கலோரி தரும். குறைந்த சுமையில் மிகுந்த ஆற்றல் என்பது இதுவே.

ஓடை நீர் தெளிந்திருப்பினும் காய்ச்சாமற் பருகலாகாது. நன்கு கொதித்த பின் ஒரு நிமிடமும், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடமும் கொதிக்க விடவேண்டும். மறுநாளைக்கு வேண்டிய குடிநீரையும் அவல் ஊறவைக்கும் நீரையும் முதல்நாள் இரவே, அடுப்புக்கு இசைவுள்ள தங்குமிடத்தில் காய்ச்சிக் குடுவையில் நிரப்பிக்கொள்க.

வழியிடையே தீ மூட்டவே கூடாது. காப்புக்காட்டில் அது சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சு மாதத்தில் தேனி மாவட்டக் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயிற் சிக்கி, மலைநடைக்குச் சென்றிருந்தோர் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தீ எவ்வாறு எழுந்ததாயினும், கோடையில் உலர்ந்த புல் எத்துணை விரைவாகப் பற்றும் என்பதை அது காட்டிற்று. அவலும் மாவுருண்டையும் தோளுக்கு இலகுவானவை என்பது அவற்றின் ஒரு சிறப்பு. காட்டில் ஒரு தீக்குச்சியும் கிழிக்காமல் பசியாற்றுவது அதனினும் பெரிய சிறப்பாகும்.