கழுவேலி: ஏரிகள் ஊட்டும் உப்பங்கழி

அவலூர்பேட்டை, செஞ்சி, மேல்மலையனூர் பக்கத்து விவசாயிகளுக்கு மரக்காணம் என்றவுடன் உப்புதான் நினைவுக்கு வரும். அந்த உப்பளங்களை ஒட்டி, நமது விழுப்புரம் மாவட்டத்திலேயே, தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்தபடியாகப் பெரியது என்று சொல்லப்படும் உவர்நீர் ஏரி ஒன்று இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கழுவேலி என்பது அதன் பெயர். கழுவெளி என்று சொல்வோரும் உண்டு. கழியும் வெளியும் சேர்ந்து பிறந்த பெயர் என்றே தோன்றுகிறது. கோடையில் போய்ப் பார்ப்பவர்களுக்கு அது ஏரியாகவே தெரியாது, வெறும் வெளிதான்.

2021 டிசம்பரில் தமிழக அரசு இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. வானூர், மரக்காணம் வட்டங்களில் 5,151 ஹெக்டேர், அதாவது சுமார் 12,700 ஏக்கர் இதில் அடங்கும். 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இது சேர்ந்தது. "பறவைக்கு இத்தனை நிலமா? அதனால் பயிருக்கு என்ன லாபம்?" என்று விவசாயிகள் கேட்பது நியாயமான கேள்வி. அதற்கு விடை பறவையில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது.

நம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் செஞ்சி, திண்டிவனம் வழியாக மரக்காணம் சென்று, அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி நோக்கித் திரும்ப வேண்டும். இடது கைப்பக்கம் கடல். வலது கைப்பக்கம் சற்று உள்ளே தள்ளிக் கழுவேலி. இரண்டுக்கும் நடுவே மணல் மேடும், சவுக்குத் தோப்பும், பனைகளும், அனுமந்தை, கூனிமேடு போன்ற ஊர்களும் இருக்கின்றன. கழுவேலி நம் ஊர் ஏரிகளைப் போல் கரை கட்டித் தேக்கியதல்ல. தானாக அமைந்த பள்ளம். மழைக்காலத்திலும் ஆழம் அதிகமில்லை. பரப்புதான் கண்ணுக்கு எட்டாத தூரம் விரியும்.

இந்தப் பள்ளத்துக்கு இரண்டு வாசல்கள் உண்டு. வடக்கு வாசல் கடலுடையது. எடையந்திட்டு முகத்துவாரத்தின் வழியாகவும் உப்புக்கள்ளி ஓடையின் வழியாகவும் கடல்நீர் உள்ளே வந்து போகும். மேற்கு வாசல் விவசாயிகளுடையது. ஏறத்தாழ 740 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை, இருநூறுக்கு நெருக்கமான ஏரிகளில் நிரம்பி, ஒரு ஏரியின் கலங்கல் வழிந்து அடுத்த ஏரிக்குப் பாய்ந்து, கடைசி ஏரி வழிந்தபின் கழுவேலியில் வந்து சேர்கிறது. எனவே தெற்கே நன்னீர், வடக்கே உவர்நீர், இடையில் இரண்டும் கலந்த நீர். ஐப்பசி, கார்த்திகையில் நன்னீரின் கை ஓங்கும். தை பிறந்தபின் நீர் வற்ற வற்ற உப்பின் கை ஓங்கும். சித்திரை, வைகாசியில் பெரும்பகுதி காய்ந்துவிடும்.

செஞ்சி மலைகளில் பிறக்கும் சங்கராபரணி இங்கு வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது வீடூர் அணையில் தேங்கிப் புதுச்சேரிப் பக்கம் போய்விடுகிறது. கழுவேலிக்கு ஆறு கிடையாது. ஏரிச் சங்கிலி ஒன்றே அதன் தாய்ப்பால். மேலே ஒரு வரத்து வாய்க்கால் தூர்ந்தாலும், ஒரு ஏரியின் வாய் ஆக்கிரமிக்கப்பட்டாலும், கீழே பள்ளத்தில் அந்த அளவு நன்னீர் குறைந்துவிடும்.

கிணற்றில் உப்பு ஏறும் விதம்

குறைந்தால் என்ன ஆகும் என்பதுதான் விவசாயிகள் கவனிக்க வேண்டிய விஷயம். கடலோர நிலத்தடியில் நன்னீர், உப்பு நீரைவிட இலேசானது என்பதால், அதன் மேல் மிதந்து நிற்கிறது. பொதுக் கணக்கு ஒன்று உண்டு: கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கும். இதைத் திருப்பிப் பாருங்கள். ஆழ்துளைக் கிணறு போட்டு இறைத்து மேல்மட்டத்தை 1 அடி இறக்கினால், அடியில் உப்பு நீர் மெல்ல மெல்ல 40 அடி மேலேறும். இறைப்பவர் கண்ணுக்குத் தெரிவது 1 அடி. தெரியாமல் நடப்பது 40 அடி. வானூர் பக்கத்து மணற்பாறை அடுக்குகளில் நல்ல நீர் உண்டு. அதை நம்பித்தான் அப்பகுதியில் நெல்லும், கரும்பும், வேர்க்கடலையும், தர்ப்பூசணியும் விளைகின்றன. கழுவேலியில் நன்னீர் நிற்கும் ஒவ்வொரு மாதமும் இந்த நிலத்தடி நீருக்குக் கடல் பக்கம் ஒரு தடுப்புச் சுவர் நிற்கிறது என்று கொள்ளலாம்.

உப்பு ஏறிவிட்ட நிலம் உள்ளவர்கள் முதலில் செய்ய வேண்டியது மண் பரிசோதனை. உவர் நிலம் வேறு, களர் நிலம் வேறு. மண்ணின் மின்கடத்தும் திறன் 4-க்கு மேலிருந்து, கார அமில நிலை 8.5-க்குள் இருந்தால் அது உவர். இதற்கு மருந்து நல்ல தண்ணீரும் வடிகாலும்தான். நீரைத் தேக்கி உப்பைக் கரைத்து வடித்துவிட வேண்டும். கார அமில நிலை 8.5-க்கு மேல் போய், சோடியமும் மிகுந்திருந்தால் அது களர். அதற்கு ஜிப்சம் இட்டு, நீர் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழ வேண்டும். பரிசோதிக்காமல் உவர் நிலத்தில் ஜிப்சத்தைக் கொட்டுவது காசுக்குக் கேடு. நெல்லில் திருச்சி 1 இரகமும், பழைய இரகங்களில் களர்பாலை, குழியடிச்சான் ஆகியவையும் இத்தகைய நிலத்தைத் தாங்கி வளரக்கூடியவை.

இந்த ஜிப்சம் உப்பளத்திலும் கிடைக்கும் பொருள் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். உப்பு நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் சுண்டவிடுகிறார்கள். கடல்நீர் எடுத்த எடுப்பில் 3 டிகிரி அளவு இருக்கும். அது 25 டிகிரிக்கு வரும்போதுதான் உப்பு பூக்கத் தொடங்கும். அதற்கு முன்பே, நடுப் பாத்திகளில், ஜிப்சம் படிந்துவிடும். கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரை வெளியேற்றாமல் விட்டால் உப்பு கசக்கும். மரக்காணத்தில் மூவாயிரம் ஏக்கருக்கு மேல் உப்பளங்கள் இருக்கின்றன. வெயிற்காலம் முழுவதும் வேலை நடக்கும். கண் கூசும் வெள்ளையில் மரப்பலகை கொண்டு உப்பு வாரும் ஆண்களும் பெண்களும் மழை பிறந்தால் கூலி இல்லாமல் இருப்பார்கள். விவசாயக் கூலிக்கும் அவர்களுக்கும் இதில் ஒரு வித்தியாசம்: நமக்கு மழை வந்தால் வேலை, அவர்களுக்கு மழை வந்தால் அடைப்பு.

பழைய துறைமுகம்

சிறுபாணாற்றுப்படையில் வரும் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் எயிற்பட்டினம் இந்த மரக்காணமே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். ஊரிலுள்ள பூமீசுவரர் கோயிலில் சோழர் கல்வெட்டுகள் இருக்கின்றன. பிற்காலத்தில் சென்னையிலிருந்து வந்த பக்கிங்காம் கால்வாய் இங்குதான் முடிந்தது. உப்பும் விறகும் படகேறிச் சென்னைக்குப் போயின. முகத்துவாரத்துக்கு வடகரையில், செங்கல்பட்டு மாவட்ட எல்லைக்குள், ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கிறது. 1750-இல் அது பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயிற்று. அதே ஆண்டில்தான் நமது செஞ்சிக் கோட்டையும் அவர்களிடம் வீழ்ந்தது. 1760-இல் ஆலம்பரையையும், 1761-இல் செஞ்சியையும் ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டனர்.

அந்தப் பிரெஞ்சுக் கம்பெனியின் கப்பல்கள் புறப்பட்ட லோரியான் துறைமுகம் பிரிட்டானிக் கரையில் உள்ளது. பழைய பிரிட்டானியைச் சேர்ந்த கெராண்டு என்ற ஊரில் இன்றும் கழிமுகத்துக் களிமண் பாத்திகளில் நம் மரக்காணத்தைப் போலவே வெயிலில் உப்பு விளைவித்து, மரப்பலகையால் கையால் வாருகிறார்கள். 1970-களில் அங்கு சுற்றுலாத் திட்டங்கள் வந்து உப்பு வயல்களை விழுங்கப் பார்த்தபோது உப்பு விவசாயிகளே எதிர்த்து நின்றார்கள். பின்னர் கூட்டுறவு அமைத்துத் தங்கள் உப்பை நல்ல விலைக்கு விற்கிறார்கள். அந்த உப்பு வயல்களும் ராம்சார் பட்டியலில் உள்ளவைதான். உப்பு வாருவதும் பறவை காப்பதும் ஒன்றுக்கொன்று பகை என்று அங்கே யாரும் நினைக்கவில்லை.

இங்கேயும் பகையாக வேண்டியதில்லை. மார்கழி, தை மாதங்களில் கழுவேலியில் ஊசிவால் வாத்துகளும், மூக்கன்களும், மீசை ஆலாக்களும் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குகின்றன. கூழைக்கடா, அரிவாள் மூக்கன், பூநாரை ஆகியவற்றையும் காணலாம். நத்தைகுத்தி நாரை வயலில் இறங்கி நத்தையைத் தின்பது விவசாயிக்கு உபகாரம். வாத்துக் கூட்டம் இரவில் நெல்லில் இறங்கினால் நஷ்டம் என்பதும் உண்மையே. அதை மறைத்துப் பேசிப் பயனில்லை. பக்கத்து வேடந்தாங்கலில் 1798-லேயே கலெக்டர் லயனல் பிளேஸ் காலத்தில் பறவைகளுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. அதைக் கேட்டுப் பெற்றவர்கள் ஊர் விவசாயிகளே. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்று அவர்கள் கண்டிருந்தார்கள்.

கழுவேலியில் உள்ள சிக்கல் வேறு. சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் காய்ந்த வெளியில் மாடு மேய்த்தும், கோரை அறுத்தும், மீன் பிடித்தும் வந்திருக்கிறார்கள். இருளர் குடும்பங்கள் சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கும். பட்டா உள்ளவர் காகிதத்தைக் காட்டுவார். மேய்ச்சலுக்கும் கைமீனுக்கும் காகிதம் ஏது? சரணாலய எல்லைக்குள் யாருக்கு என்ன உரிமை என்பதைக் கலெக்டர் விசாரித்து முடிவு செய்ய வேண்டும் என்று 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. இந்த எழுதாத உரிமைகளை எழுதிக் கொடுக்க ஊராட்சிகள் முன்வர வேண்டும். இறால் பண்ணைகளின் கழிவு நீரையும், விளிம்பில் வரப்பு போட்டு உள்ளே நகரும் ஆக்கிரமிப்பையும் தடுப்பதைவிட, மாடு ஓட்டி வருபவனைத் தடுப்பது எளிது. எளிதான வேலையோடு அதிகாரிகள் நின்றுவிடக்கூடாது. முகத்துவாரத்தில் அழகன்குப்பம், ஆலம்பரைக்குப்பம் ஆகிய இடங்களில் மீன்பிடித் துறைமுகம் கட்டும் திட்டமும் எழுந்து, விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று. மீனவருக்குத் துறைமுகம் தேவைதான். வாசலை எந்த இடத்தில் எவ்வளவு திறப்பது என்பதில்தான் கழுவேலியின் உப்பும் நன்னீரும் அடங்கியிருக்கின்றன.

2024 நவம்பர் இறுதியில் ஃபெங்கல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய வெள்ளத்துக்குக் கழுவேலியே வடிகால். அந்தப் பள்ளம் மேடாக்கப்பட்டிருந்தால் தண்ணீர் வயல்களிலேயே தேங்கியிருக்கும். ஏரிகளைத் தூர்வாரும்போது அடுத்த ஏரிக்குப் போகும் உபரி வாய்க்காலையும் சேர்த்துத் தூர்வாருவது அவசியம். ஆரோவில்லிலுள்ள சில அமைப்புகள் வானூர்ப் பக்கத்து ஏரிகளில் கிராம மக்களோடு சேர்ந்து இந்த வேலையைச் செய்திருக்கின்றன.

நேரில் பார்க்க விரும்பும் விவசாயிகள் மார்கழி முதல் மாசி வரை செல்லலாம். விடியற்காலையே ஏற்ற நேரம். வெயில் ஏறினால் கானலில் பறவை தெரியாது. திரும்பும் வழியில் கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சனீசுவரர் அய்யனார் கோயில் காட்டையும் பார்த்து வாருங்கள். இக்கரையில் ஒரு காலத்தில் எத்தகைய மரங்கள் நின்றன என்பதை அந்தச் சிறு காட்டில் இன்னமும் காணலாம். அங்கே மரத்தில் கத்தி வைக்க யாரும் துணிவதில்லை, அய்யனார் காவல்.