அபயக்குரலும் அலைவரிசையும் – 9: ரம்பத்துக்குச் சுரக்குறிப்பு இல்லை

அமெரிக்க மாநிலங்களின் நிர்வாகப் பிரிவான கவுண்டி, தன் தீயணைப்புக்கும் ஆம்புலன்ஸ் பணிக்கும் பொதுவானதொரு வானொலி அமைப்பைத் திட்டமிடுகையில் முதலில் மோதுவது அலைவரிசைப் பஞ்சத்தில்தான் என்பதும், பழைய பட்டைகளில் ஒவ்வொரு தடத்தையும் 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குச் சுருக்க 2013 ஜனவரி 1 கெடுவாக இருந்தது என்பதும் சென்ற இதழில் முடிந்த கதை. இந்த வாரத்துக்கு அறிவிக்கப்பட்டிருந்தது கோபுரங்களின் இடத்தேர்வு. ஆனால் கோபுரத்தை எட்டுவதற்கு முன்பே, கையிலுள்ள கருவிக்குள் குரலுக்கு நேர்வது அதைவிடச் சுவையானது.

பொதுப்பாதுகாப்புத் தகவல் தொடர்பாளர்களின் சங்கமான ஆப்கோ, வெவ்வேறு நிறுவனங்களின் வானொலிகளும் ஒன்றோடொன்று பேசவேண்டும் என்ற நோக்கில் 1989இல் தொடங்கிய 'புராஜெக்ட் 25' தரநிலையில் குரல் எண்களாக மாற்றப்பட்டுச் செல்கிறது. எண்முறைத் தொலைபேசி ஒரு குரலுக்கு நொடிக்கு 64,000 பிட்டுகளைச் செலவிட, இத்தரநிலையின் முதற்கட்டம் 4,400 பிட்டுகளில் காரியத்தை முடித்து, வழியில் நேரும் பிழைகளைத் திருத்த மேலும் 2,800 பிட்டுகளைச் சேர்த்துக்கொள்கிறது. இச்சிக்கனத்தைச் செய்வது வோகோடர் எனப்படும் குரல் குறிமாற்றி. அது ஒலியை அனுப்புவதே இல்லை. 20 மில்லிநொடிக்கு ஒருமுறை குரலின் சுருதி என்ன, எந்தப் பகுதியில் நாதம், எந்தப் பகுதியில் வெறும் காற்று என்று அளந்து, பாட்டுக்குப் பதிலாகச் சுரக்குறிப்பை அனுப்பி மறுமுனையில் பாடவைக்கிறது. அந்தக் குறிப்பு முழுவதும் மனிதத் தொண்டையை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது.

தீக்களத்திலோ தொண்டை மட்டும் ஒலிப்பதில்லை. முகமூடிக்குள்ளிருந்து வரும் பேச்சோடு கூரையை அறுக்கும் ரம்பமும், காற்றுக்கலம் தீரப்போவதை அறிவிக்கும் மணியும், வீரர் சுமார் 30 நொடி அசையாதிருந்தால் 95 டெசிபலுக்குக் குறையாமல் அலறும் 'பாஸ்' எச்சரிக்கைக் கருவியும் ஒலிவாங்கிக்குள் நுழைகின்றன. வோகோடர் இவை அனைத்தையும் ஒரே தொண்டையின் ஒலியாகக் கருதிக் குறிப்பெழுதுவதால் சொற்கள் உருக்குலைகின்றன. விழுந்துகிடப்பவரைக் காட்டிக்கொடுக்கவேண்டிய அலறலே அவர் உதவி கேட்கும் குரலை விழுங்குவது இதன் கொடுமை. தீயணைப்புத் தலைவர்களின் சங்கம் இதை எழுப்ப, கொலராடோவின் போல்டர் நகரிலுள்ள மத்திய அரசு ஆய்வகம் 2008இல் வெளியிட்ட சோதனை முடிவுகளில், இத்தகைய இரைச்சல்கள் சிலவற்றில் பழைய அனலாக் வானொலியே தெளிவாகக் கேட்டது. அச்சங்கம் பரிந்துரைத்த உடனடிப் பரிகாரங்களுள் ஒன்று, ஒலிவாங்கியை முகமூடியின் குரல்வாயிலருகே ஓரிரு அங்குலத்தில் பிடிப்பது.

திட்டத்தில் இதன் விளைவு பெரிது. காலித் தடங்களைக் கணினி பங்கிட்டுத்தரும் 'டிரங்கிங்' எண்முறை அமைப்பை அனுப்புகை மையத்துக்கும் ஆம்புலன்ஸுக்கும் வைத்துக்கொண்டு, எரியும் கட்டடத்துக்குள் மட்டும் கோபுரத்தின் தயவின்றிக் கருவிக்குக் கருவி நேரே பேசும் அனலாக் தடங்களைத் தக்கவைக்கும் துறைகள் பல. (தன்னார்வத் தீயணைப்பாளரை வீட்டிலிருந்து அழைக்கும் பேஜர்களும் அடுத்தடுத்து ஒலிக்கும் இரண்டு சுருதிகளைக் கேட்டு விழிக்கும் அனலாக் முறையை எளிதில் விடவில்லை, அது தனிக் கட்டுரைக்குரியது.) புதிய வோகோடர்கள் இரைச்சலை மேலும் நன்றாகச் சமாளிக்கின்றன என்பது உண்மை. எனினும் முகமூடியும் ரம்பமுமாகத் தன் வீரர்களை வைத்துச் சோதிக்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் கவுண்டி, விற்பவரின் மௌனமான அறையில் கேட்ட குரலையே விலைக்கு வாங்குகிறது.

கோபுரங்கள் அடுத்த இதழில்.