குடும்ப டாக்டரும் அவசர சிகிச்சையும்

மாரடைப்புக் கண்டவர், விபத்தில் இரத்தம் இழந்தவர், மூச்சுத் திணறும் குழந்தை ஆகியோருக்கு முதல் சில நிமிஷங்களில் கிட்டும் சிகிச்சையே பெரும்பாலும் உயிரைக் காக்கிறது. ஆனால் நிபுணர்களோ பெரிய நகரங்களில் வசிக்கின்றனர். சிற்றூர் ஆஸ்பத்திரியில் நள்ளிரவில் இருப்பவர் குடும்ப டாக்டர் ஒருவரே. அவருக்கு அவசர சிகிச்சையில் தனிப் பயிற்சி அளித்தால் இக்குறை நீங்குமா என்பதற்குக் கனடா நாட்டின் அனுபவம் தக்க சான்றாகும்.

ஏறத்தாழ ஒரு கோடி சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்நாட்டின் மக்கள்தொகை நான்கு கோடி அளவே. அவர்களிற் பெரும்பாலோர் தென் எல்லையை அடுத்து வாழ்கின்றனர். வடபகுதியில் ஊர்கள் ஒன்றுக்கொன்று நெடுந்தொலைவில் உள்ளன. பனிப்புயல் வீசுங்கால் நோயாளியை விமானத்தில் அனுப்புவதும் இயலாது.

1980-ஆம் ஆண்டில், நிபுணர்களுக்குத் தகுதி வழங்கும் ராயல் கல்லூரி, அவசர மருத்துவத்தைத் தனித் துறையாக ஏற்றது. இதற்குரிய பயிற்சிக் காலம் ஐந்து ஆண்டுகள். 1954-இல் தோன்றிய குடும்ப டாக்டர்களின் கல்லூரியோ, 1982-இல் வேறொரு வழி வகுத்தது. இரண்டாண்டுக் குடும்ப மருத்துவப் பயிற்சிக்குப் பின், ஓராண்டு அவசர சிகிச்சைப் பயிற்சி பெற்றுத் தேர்வு எழுதலாம். பணியிலேயே போதிய அனுபவம் பெற்ற குடும்ப டாக்டர்களும் இத்தேர்வுக்கு அமரலாம்.

இவ்வாறு தேறியோர் செல்லும் பாதைகள் பல. சிலர் சிற்றூர்களில் பகலில் தம் மருந்தகத்தையும், முறைநாட்களில் அவசரப் பிரிவையும் கவனிக்கின்றனர். சிலர் ஆம்புலன்ஸ் ஊழியர்க்கு வழிகாட்டுகின்றனர். சிலர் மாணவர்க்குப் போதிக்கின்றனர். எனினும் பெரும்பான்மையோர் குடும்ப மருத்துவத்தைக் கைவிட்டு, அவசரப் பிரிவுகளிலேயே முழுநேரமும் பணியாற்றுகின்றனர். நகரங்களைத் தேர்ந்துகொள்வோரும் பலர்.

இதற்குக் காரணங்கள் உண்டு. அவசரப் பிரிவில் முறைநேரம் முடிந்ததும் பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைத்து வீடு திரும்பலாம். மருந்தகம் நடத்துபவருக்கோ வாடகை, ஊழியர் சம்பளம், முடிவில்லாத எழுத்து வேலை ஆகியவை உள்ளன. மேலும், மூச்சுக்குழலில் குழாய் செலுத்துதல் போன்ற திறன்கள் அடிக்கடி பயன்பட்டாலன்றி மங்கிவிடும். சிற்றூரில் அவற்றுக்கு வாய்ப்புக் குறைவு.

இதன் விளைவு சிந்திக்கத்தக்கது. குடும்ப டாக்டர் கிடைக்காத மக்கள் அந்நாட்டில் பல லட்சம் பேர் உள்ளனர். சாதாரண நோய்க்கும் அவர்கள் நாடுவது அவசரப் பிரிவையே. அங்கே அவர்களைப் பரிசோதிப்பவர், ஒருகால் தாமே ஒரு மருந்தகத்தில் அமர்ந்திருக்கக்கூடிய டாக்டராகவே இருப்பார். ஆயினும் இப்பயிற்சி வீண் எனக் கூறுவதற்கில்லை. இவர்கள் இல்லையேல் அந்நாட்டின் பல அவசரப் பிரிவுகளில் டாக்டர்கள் போதமாட்டார்கள்.

நம் நாட்டில் அந்நாளைய இந்திய மருத்துவக் கவுன்சில் 2009-இல் அவசர மருத்துவத்தைத் தனித் துறையாக அங்கீகரித்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தாலுகா ஆஸ்பத்திரிகளிலும் பணிபுரியும் பொது டாக்டர்க்கும் இப்பயிற்சி தேவை. ஆனால் பயிற்சி மட்டும் ஒருவரைச் சிற்றூரில் நிலைத்திருக்கச் செய்யாது. ஓய்வு நேரம், துணைக்கு மற்றொரு டாக்டர், நகர ஆஸ்பத்திரியில் அவ்வப்போது திறனைப் புதுப்பிக்கும் வாய்ப்பு ஆகியவற்றையும் உடன் அளித்தாலன்றி, பயின்றவர் நகரையே நாடுவார்.