பங்க் டேங்க் ஒழுகினால் முதலில் யாருக்குத் தெரியும்?

தண்டையார்பேட்டையில் எரிபொருள் கசிந்தபோது முதலில் தெரிந்தது தெருக்காரர்களுக்குத்தான். 2013-ல் வடசென்னையின் டி.எச். ரோட்டை ஒட்டிய தெருக்களில் போர் தண்ணீர் எண்ணெய் வாடை அடித்தது. துறைமுகத்திலிருந்து பாரத் பெட்ரோலியத்தின் கிடங்குக்கு எரிபொருள் கொண்டுபோகும் நிலத்தடிக் குழாய் கசிந்திருந்தது. விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் மண்ணையும் நீரையும் சோதித்தார்கள். குழாயில் விழுந்த ஓட்டையை அடைப்பது சின்ன வேலை. மண்ணுக்குள் இறங்கியதை வெளியே எடுப்பது ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

உள்பகுதி ஊரான வந்தவாசியில் துறைமுகக் குழாய் கிடையாது. ஆனால் ஆரணி, காஞ்சிபுரம், திண்டிவனம் என எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாலும் பெட்ரோல் பங்க் உண்டு. பங்க் என்றாலே தரைக்கடியில் டேங்க் உண்டு. பல இடங்களில் சுற்றுச்சுவர் தாண்டினால் யாரோ ஒருவரின் கிணறு. குடிக்க, நெல்லுக்குப் பாய்ச்ச, பாய்க்காரர்கள் கோரையை நனைக்க, பெரும்பாலும் நிலத்தடி நீரை நம்பித்தான் ஓடுகிறது.

காலையில் பங்க் ஊழியர் டேங்கில் அளவுகோலை இறக்கி மட்டம் பார்ப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். நேற்றைய இருப்பு, வந்த லோடு, விற்ற அளவு மூன்றையும் வைத்து இன்றைய மட்டத்தைச் சரிபார்க்கிறார். புதிய பங்குகளில் இதையே டேங்குக்குள் இருக்கும் கருவி செய்கிறது. கசிவைப் பிடிக்கும் முதல் வலை இதுதான். ஆனால் வலையின் கண் பெரிது. பெட்ரோல் ஆவியாகும். வெயிலில் காய்ந்து வந்த லாரியின் சரக்கு தரையடிக் குளிர்ச்சியில் சுருங்கும். இந்த இரண்டு கணக்குக்குள்ளேயே ஒரு சிறு ஓட்டை ஒளிந்துகொள்ளும். நொடிக்கு ஒரு சொட்டு, இருபது சொட்டுக்கு ஒரு மில்லி என்று வைத்துப் போட்டுப் பாருங்கள்: நாளுக்கு நாலே கால் லிட்டர், ஆண்டுக்கு 1,500 லிட்டருக்கு மேல். ஒரு நாள் கணக்கில் நாலு லிட்டர் குறைந்தால் யாரும் டேங்கைத் தோண்டிப் பார்க்கப் போவதில்லை.

கசிந்த பெட்ரோல் மண்ணில் இறங்கி நீர்மட்டத்தைத் தொட்டதும் மிதக்கும், ஏனென்றால் அது நீரைவிட லேசு. மிதப்பது மட்டும் என்றால் வழித்தெடுத்துவிடலாம். அதிலுள்ள பென்சீன், டொலுவீன் போன்றவை கொஞ்சம் கொஞ்சமாக நீரில் கரைந்து, நீர் போகிற திசையில் நகர்கின்றன. இந்தியப் பெட்ரோலில் பென்சீன் ஒரு சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஒரு சதவீதமே போதும். இரத்தப் புற்றுநோயோடு தொடர்புடைய இந்தப் பொருளுக்கு உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். நீரில் தனிப் பென்சீனின் வாடையை மூக்கு உணர வேண்டுமானால் லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் இருக்க வேண்டும். ஆயிரம் மடங்கு! பெட்ரோலின் மற்ற பொருள்கள் முன்கூட்டியே நாறிக் காட்டிக்கொடுக்கலாம். ஆனாலும் "வாடை இல்லை, நல்ல தண்ணீர்தான்" என்பதை நம்ப முடியாது.

அதனால்தான் கண்காணிப்புக் கிணறுகள். கைப்பிடி அகலக் குழாயை நிலத்தில் இறக்கி, நீர்மட்டம் ஏறி இறங்கும் உயரம் முழுக்கச் சல்லடைத் துளை விட்டிருப்பார்கள். துளை நீர்மட்டத்துக்குக் கீழே மட்டும் இருந்தால் மிதக்கும் பெட்ரோல் உள்ளேயே வராது. நீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்று கணக்கிடக் குறைந்தது மூன்று கிணறு வேண்டும். டேங்குக்கு நீர் வரும் பக்கம் ஒன்று இருந்தால், மாசு வேறெங்கிருந்தோ வந்ததா என்ற கேள்விக்கு அது பதில் சொல்லும்.

மாதிரி எடுப்பதில்தான் பல சோதனைகள் வீணாகின்றன. குழாயில் தேங்கிக் கிடந்த பழைய நீரை முதலில் இறைத்துவிட வேண்டும். பிறகு சின்னக் கண்ணாடிக் குப்பியில் காற்றுக்குமிழ் ஒன்றுகூட இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி, மூடி, ஐஸில் வைத்து ஆய்வகம் சேர்க்க வேண்டும். பழைய தண்ணீர் பாட்டிலில் பாதி பிடித்துப் பஸ்ஸில் கொண்டுபோனால், போகிற வழியிலேயே பென்சீன் பறந்துவிடும். அறிக்கையில் சுத்தமான நீர் என்று வரும்.

தண்டையார்பேட்டை கடலோர மண். வந்தவாசிப் பக்கம் அடியில் கடும்பாறை. மேலே சிதைந்த பாறைமண், கீழே வெடிப்புகள். நீர் அந்த வெடிப்புகளில்தான் ஓடுகிறது. பங்கிலிருந்து பத்து மீட்டரில் போட்ட கண்காணிப்புக் கிணறு வெடிப்பைத் தவறவிட்டுச் சுத்தமாகவே இருக்கலாம்; அதே வெடிப்பைத் தொடும் நாலாவது வயல் கிணற்றில் எண்ணெய் மினுங்கலாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-ல், புதிய பங்குகள் வீடு, பள்ளி, மருத்துவமனையிலிருந்து 50 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்றது. பாறை வெடிப்புக்கு அந்தக் கணக்கு தெரியாது.

பருவமும் ஏமாற்றும். கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது மிதக்கும் பெட்ரோலும் கூடவே இறங்கி மண்ணில் ஒட்டிக்கொள்கிறது. வடகிழக்குப் பருவமழையில் மட்டம் ஏறியதும் அது நீருக்கடியில் சிக்கி, மெல்லக் கரைகிறது. மே மாதம் மட்டும் சோதித்துவிட்டு ஃபைலை மூடுவது சரியல்ல.

பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் வரை கலக்கும் எத்தனால் இன்னொரு சிக்கல். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் பென்சீனைத் தின்று குறைக்கும். எத்தனால் கிடைத்தால் அதைத்தான் முதலில் தின்னும். பென்சீன் அதுவரை இன்னும் தூரம் போகும்.

சோதனை நடந்துவிட்டால் தகராறு தீர்ந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் அனல் மின்நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் கலந்ததாக மக்கள் கொதித்தெழுந்தார்கள். நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 150 கிணறுகளைப் பார்த்து, 109-ல் எண்ணெய் அளவு மீறியிருப்பதாகச் சொன்னது. வடக்கு மாகாண சபை அமைத்த நிபுணர் குழுவோ பயப்பட ஒன்றுமில்லை என்றது. கிணற்றடியில் நிற்பவர் எந்தத் தாளை நம்புவார்? 2019 ஏப்ரலில் இலங்கை உச்ச நீதிமன்றம், மின்நிலையத்தை நடத்திய தனியார் நிறுவனம் பாதிக்கப்பட்டவர்களுக்கு இரண்டு கோடி ரூபாய் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஒரு கிணற்றுக்காரருக்கு அதிகபட்சம் 40,000 இலங்கை ரூபாய்.

இப்படி வழக்கு வரும்போது எதிர்த்தரப்பு கேட்கும் முதல் கேள்வி, "முன்பு உங்கள் கிணறு எப்படி இருந்தது?" என்பது. பக்கத்து மனையில் டேங்குக்குக் குழி தோண்டத் தொடங்கும்போதே, கண்ணாடிக் குப்பியில் முறையாக எடுத்த ஒரு மாதிரிக்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் அறிக்கையை வாங்கி, தேதியோடு பட்டா வைக்கும் பெட்டியிலேயே போட்டு வைத்தவரிடம் அதற்குப் பதில் இருக்கும்.