கைரேகை தேய்ந்தால் உரிமையும் தேயுமா?

புதுக்கோட்டை - தஞ்சாவூர் சாலையில் போகிறவர்கள் ஆதனக்கோட்டையில் இறங்கி வறுத்த முந்திரி வாங்காமல் நகர மாட்டார்கள். அந்த முந்திரியை உடைத்துத் தருகிறவர்களின் விரல்களைக் கவனித்திருக்கிறீர்களா? கொட்டையின் ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலை அரிக்கும். நாளடைவில் ரேகை மங்கும். ரேஷன் கடையிலோ, 2020 முதல் கைரேகை வைத்துத்தான் பொருள் வாங்க வேண்டும். இயந்திரம் 'பொருந்தவில்லை' என்றால்?

ஆதாரை எதிர்த்து 2012-ல் உச்ச நீதிமன்றம் போனவர், கர்நாடக உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி கே.எஸ்.புட்டசாமி. அப்போது அவருக்கு வயது 86. அந்த வழக்கில்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று, 'அந்தரங்கம் அடிப்படை உரிமை' என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்.

2018 செப்டம்பர் 26-ல் வந்த தீர்ப்பு, ஆதார் செல்லும் என்றது; கூடவே எல்லையும் போட்டது. வங்கிக் கணக்கு, சிம் கார்டு, பள்ளிச் சேர்க்கை ஆகியவற்றுக்கு ஆதார் கட்டாயமில்லை. அரசு மானியத்துக்கும் பான் கார்டுக்கும் தேவை.

ஆக, சிம் வாங்கும்போது 'ஆதார் தர மாட்டேன்' என்று சொல்ல முடிகிறது. அரிசிக்கு வரிசையில் நிற்பவர் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால், ரேகை பொருந்தாதவர்களை வேறு வழியில் அடையாளம் காண ஏற்பாடு வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்லியிருக்கிறது.

எனவே, உங்கள் வீட்டுப் பெரியவருக்கு ரேகை விழவில்லை என்றால் வெறும் பையோடு திரும்பாதீர்கள். ஓடிபி, கருவிழிப் பதிவு என மாற்று வழி என்ன இருக்கிறது என்று கேளுங்கள். தேய்ந்தது விரல்தான், உரிமை அப்படியே இருக்கிறது!