கை இரண்டும் மண்ணில். தலைக்கு என்ன நிழல்?



கினிகத்தேனையில் வாழ்பவர்களுக்குக் குடையைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கித்துல்கலையிலிருந்து வட்டவளைக்கு ஏறும் இந்தப் பக்கம், நாட்டிலேயே அதிக மழை பெறும் பிரதேசங்களில் ஒன்று. பாடசாலை போகும் பிள்ளையின் பையிலும், கடைத்தெருவுக்கு இறங்கும் உம்மாவின் கையிலும் எப்போதும் ஒரு குடை இருக்கும். மழைக்கு விரிக்கும் அதே குடையை வெயிலுக்கும் விரித்துக் கொள்கிறோம். பாதையில் நடக்கும் வரை அது போதும்.

ஆனால், வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி போட்டுக் கீரையும் கறிமிளகாயும் வளர்க்கிறீர்களே, அப்போது என்ன செய்வீர்கள்? ரோஜாக் கன்றுக்கு மண் அணைக்கும்போது ஒரு கையில் மண்வெட்டி, மறு கையில் கன்று. குடையை யார் பிடிப்பது? விடுமுறை நாளில் பிள்ளைகளை அபர்டீன் நீர்வீழ்ச்சி பார்க்க அழைத்துப் போகிறீர்கள். ஒரு கையில் சாப்பாட்டுப் பை, மறு கையில் சின்னவனின் விரல். அங்கும் குடைக்குக் கை இல்லை.

இப்படிக் கை இரண்டும் வேலையில் இருக்கும் நேரத்துக்குத்தான் தொப்பி. “முக்காடு போட்டிருக்கிறோமே, அது போதாதா?” என்று கேட்பீர்கள். போதாது சகோதரிகளே. முக்காடு தலையையும் காதையும் கழுத்தையும் மூடுகிறது. முகத்துக்கு அது நிழல் தருவதில்லை. நெற்றியும் மூக்கும் கன்னமும் கண்ணும் வெயிலில் அப்படியே நிற்கின்றன.

குளிர் காற்று ஏமாற்றும்

“நம்முடைய மலையில் என்ன வெயில்? வெயில் என்றால் மன்னாரிலும் மட்டக்களப்பிலும்தான்” என்ற பேச்சு நம்மிடையே உண்டு. உடம்புக்குத் தெரியும் சூடு வேறு, தோலையும் கண்ணையும் தாக்கும் கதிர் வேறு. பாடப் புத்தகங்களில் கழியூதாக் கதிர் என்றும் புற ஊதாக் கதிர் என்றும் படிக்கிறோமே, அந்தக் கதிர் கண்ணுக்கும் தெரியாது, சூடாகவும் உறைக்காது. குளிர் காற்று வீசினால் அது குறைந்துவிடுவதும் இல்லை. மெல்லிய முகிலை அதன் பெரும்பகுதி ஊடுருவி வந்துவிடும்.

உயரம் கூடக்கூட அதன் பலமும் கூடுகிறது. 1,000 மீற்றர் ஏறினால் ஏறத்தாழ 10 வீதம் அதிகம் என்பது கணக்கு. கினிகத்தேனையை விட ஹற்றன் உயரம். ஹற்றனை விட, 1,868 மீற்றரில் இருக்கும் நுவரெலியா உயரம். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நுவரெலியாவில் பூந்தோட்டம் பார்க்கப் போகிறவருக்கு, கொழும்புக் கடற்கரையில் நிற்பவரை விடக் குறைவான பாதுகாப்புப் போதும் என்று நினைப்பது தவறு.

இந்தக் கதிர் பல ஆண்டுகளாகக் கண்ணில் விழுந்தால் வெண்புரை வருவதற்கு அது ஒரு காரணமாகிறது. வெள்ளை விழியில் சதை வளர்வதற்கும் அது காரணமாகலாம். கன்னத்தில் படரும் மங்கு, வெயில் பட்டால் மேலும் கறுக்கும். நம் போன்ற மாநிறத்தாருக்கு வெள்ளையரைப் போல் தோல் எளிதில் வெந்து போவதில்லை என்பது உண்மை. ஆனால் கண்ணுக்கு அந்த நிறத்தின் காவல் கிடையாது.

நிழலை அளந்து பாருங்கள்

எந்த நேரத்து வெயில் கடுமையானது? அதை அறிய ஒரு கருவியும் வேண்டாம். வெளியில் நின்று உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்களை விட நீளமாக இருந்தால் கதிர் தணிந்த நேரம். நிழல் உங்களை விடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமையான நேரம்.

இது நமக்குப் புதிய பாடமா? அஸர் நேரத்தை நிழலால் அறியும் முறையை மத்ரஸாவில் ஓதியவர்கள் எல்லோரும் அறிவார்கள். இலங்கையில் ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் 5 முதல் 15 வரையும், ஆகஸ்ட் இறுதியிலிருந்து செப்டம்பர் முதல் வாரம் வரையும், சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அந்த நாட்களில் நண்பகலில் நட்ட குச்சிக்கு நிழலே இராது. அதன்பின் நிழல் வளர்ந்து குச்சியின் உயரத்தை எட்டும்போது, ஷாஃபிஈ மத்ஹபின்படி அஸர் நேரம் தொடங்குகிறது. அதாவது பிற்பகல் மூன்றேகால் மணியளவில். ஆகவே அந்த நாட்களில் காலை ஒன்பது மணி முதல் அஸர் வரை கதிர் கடுமையான நேரம் என்று வைத்துக் கொள்ளுங்கள். தோட்ட வேலையை ஸுபஹுக்குப் பின்போ அஸருக்குப் பின்போ வைத்துக் கொள்வதே முதல் பாதுகாப்பு. முடியாதபோது தொப்பி.

முக்காட்டின் மேல் தொப்பியா?

பலருக்கு இங்கேதான் தயக்கம். “ஊரார் சிரிப்பார்களே” என்று நினைக்கிறோம். மலையகத்தில் இந்த எண்ணத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் தொப்பி என்றால் துரையின் தொப்பி. நெட்டித் தண்டில் செய்த சோலாத் தொப்பியைப் போட்டுக்கொண்டு அவர் மேற்பார்வை பார்த்தார். கொழுந்து பறித்த பெண்ணின் தலையில் மடித்த துணியும், அதன் மேல் கூடைக் கயிறும் இருந்தன. அந்தத் துணி கயிறு உறுத்தாமல் இருக்க உதவியதே தவிர, முகத்துக்கு நிழல் தரவில்லை. நாள் முழுவதும் வெயிலில் நின்றவருக்கு இல்லாத நிழல், வந்து பார்த்துவிட்டுப் போனவருக்கு இருந்தது. அந்தக் கணக்கை நாம் ஏன் இன்னும் சுமக்க வேண்டும்?

மார்க்கத்தில் இதற்குத் தடை உண்டா என்று கேட்பவர்களும் உண்டு. வெப்பத்திலிருந்து காக்கும் ஆடைகளை அல்லாஹ் தன் அருட்கொடைகளில் ஒன்றாக அந்நஹ்ல் அத்தியாயத்தின் 81ஆம் வசனத்தில் எடுத்துச் சொல்கிறான். நபி (ஸல்) அவர்கள் இறுதி ஹஜ்ஜின்போது கல்லெறியச் சென்ற வேளையில், வெயில் படாமல் தோழர் ஒருவர் துணியை உயர்த்தி நிழல் பிடித்ததை உம்முல் ஹுஸைன் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. நிழல் தேடுவது பலவீனமும் அல்ல, பகட்டும் அல்ல.

இரண்டு விஷயங்களை மட்டும் நினைவில் வையுங்கள். தொப்பி முக்காட்டுக்குப் பதிலாகாது. அதன் மேல் போடுவது. தொழும்போது அதைக் கழற்றிவிட வேண்டும். ஸுஜூதில் நெற்றி தரையில் படுவதை விளிம்பு தடுத்துவிடும்.

எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் பார்க்க வேண்டியது விளிம்பின் அகலம். 1992இல் டிஃபி, சீஸ்மன் என்ற இரு பிரித்தானிய ஆய்வாளர்கள் பலவகைத் தொப்பிகளை அளந்து பார்த்தார்கள். விளிம்பு ஏழரை சென்ரிமீற்றருக்கு மேல் இருந்தால் மூக்குக்கு 7 மடங்கு, கழுத்துக்கு 5 மடங்கு, கன்னத்துக்கு 3 மடங்கு, நாடிக்கு 2 மடங்கு பாதுகாப்புக் கிடைத்தது. 7 மடங்கு என்றால், வெறும் முகத்தில் பத்து நிமிடத்தில் விழும் கதிர், தொப்பியோடு விழ எழுபது நிமிடமாகும். விளிம்பு குறுகக் குறுக இந்த மடங்கும் குறைந்துகொண்டே போனது. எனவே கடைக்குப் போகும்போது அளவு நாடாவைக் கொண்டு போங்கள். நாடா இல்லாவிட்டால், உங்கள் நான்கு விரல்களைச் சேர்த்து வைத்த அகலத்துக்குக் குறையாமல் பாருங்கள்.

பையன்கள் விரும்பும் கிரிக்கெட் கேப்புக்கு முன்னால் மட்டும்தான் விளிம்பு. காதும் பிடரியும் வெயிலில் கிடக்கும். மத்ரஸாத் தொப்பிக்கு விளிம்பே இல்லை. ஆண் பிள்ளைகளுக்கு முக்காடும் இல்லாததால், சுற்றிலும் விளிம்புள்ள தொப்பி உங்களை விட அவர்களுக்கே அதிகம் தேவை. அவுஸ்திரேலியாவில் தொப்பி இல்லாத பிள்ளையை இடைவேளையில் வெயிலில் விளையாட விடாத பாடசாலைகள் ஏராளம்.

அடுத்தது நெசவு. தொப்பியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தால் கதிரும் அவ்வழியே வரும். விளிம்பின் அடிப்பக்கம் கடும் நிறமாக இருப்பது நல்லது. சீமெந்து முற்றத்திலிருந்து எழும் கூச்சத்தை அது குறைக்கும். மேற்பக்கம் வெளிர் நிறமாக இருந்தால் சூடு குறையும்.

மூன்றாவது அளவு. தொப்பிகளில் 56, 58 என்று போட்டிருப்பது தலையின் சுற்றளவு, சென்ரிமீற்றரில். முக்காட்டைக் கட்டிக்கொண்டே, புருவத்துக்கும் காதுக்கும் சற்று மேலாக நாடாவைச் சுற்றி அளவெடுங்கள். வெறுந்தலையில் அளந்து வாங்கினால் முக்காட்டின் மேல் இறுகித் தலை வலிக்கும். வழுக்கும் நைலோன் துணி மேல் தொப்பி நிற்காது; பருத்தி முக்காடு நல்லது. காற்றுக்கு நாடிக்கயிறு தேவை. சின்னப் பிள்ளைகளுக்குக் கயிறு கிளையில் சிக்கினால் கழுத்தை இறுக்கிவிடக்கூடும். இழுத்தால் கழன்றுவிடும் வகையைப் பாருங்கள்.

ஓலையா, துணியா?

யாழ்ப்பாணத்துப் பனையோலைத் தொப்பி இலேசானது, காற்றோட்டமானது. நெருக்கமாகப் பின்னியிருந்தால் நிழலும் நன்றாகத் தரும். ஆனால் நம்முடைய ஈரக் காற்றில் ஓலை பூஞ்சணம் பிடிக்கும். ஓலைத் தொப்பி வாங்கினால் பாவித்தபின் வெயிலில் காய வைத்து, அடுப்படிப் பக்கம் உயரத்தில் தொங்க விடுங்கள். அந்தப் பராமரிப்புக்கு நேரமில்லாதவர்களுக்குக் கழுவிக் காய வைக்கக்கூடிய கனமான பருத்தித் துணித் தொப்பியே ஏற்றது.

வீட்டிலேயே தைக்கலாம்

முக்காட்டோடு சுற்றளவு 60 சென்ரிமீற்றர் என்று வைத்துக் கொள்வோம். அதை 6.28ஆல் வகுத்தால் ஒன்பதரை வரும். உச்சித் துண்டுக்கு ஒன்பதரை சென்ரிமீற்றர் ஆரையில் ஒரு வட்டம் வெட்டுங்கள். பக்கத் துண்டு 60 நீளம், 9 அகலம். விளிம்புக்கு உள்வட்டம் ஒன்பதரை ஆரை, வெளிவட்டம் பதினேழரை ஆரை; 8 சென்ரிமீற்றர் விளிம்பு கிடைக்கும். எல்லாவற்றுக்கும் தையலுக்காக ஒரு சென்ரிமீற்றர் கூட விடுங்கள். விளிம்பின் உள்வட்டத்தில் மட்டும் துணி உள்நோக்கி மிஞ்ச வேண்டும். ஆகவே அதை எட்டரை ஆரையில் வெட்டுங்கள். விளிம்பை இரண்டு மடிப்பாக வெட்டி, நடுவில் கன்வஸ் வைத்து, வட்ட வட்டமாக நாலைந்து தையல் ஓட்டினால் தொங்கிப் போகாது. அடித்துணிக்குப் பழைய கறுப்பு அபாயாவின் துண்டு போதும்.

தொப்பியால் ஆகாதவை

நாடிக்கு 2 மடங்குதான் காவல் என்று பார்த்தோம். தொப்பி போட்டுவிட்டோம் என்று உச்சி வெயிலில் மணிக்கணக்கில் நிற்கக் கூடாது. முழுக்கை உடுப்பும் இடையிடையே நிழலும் தண்ணீரும் வேண்டும். தலைச்சுற்றல், வாந்தி, தசைப்பிடிப்பு வந்தால் உடனே வேலையை விட்டு நிழலுக்கு வாருங்கள்.

பிள்ளைக்கு ஸ்வெட்டர், வாப்பாவுக்கு மழைக்கோட்டு என்று வீட்டில் எல்லோருக்கும் பார்த்துப் பார்த்து வாங்குகிறீர்கள். உங்கள் கண்ணும் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்தான். இனி மண்வெட்டியை எடுக்கும்போது, கதவருகே தொங்கும் தொப்பியையும் எடுத்துக் கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுச் சகோதரி முதல் நாள் சிரித்தாலும், அடுத்த வாரம் தைக்கும் அளவைக் கேட்டு உங்களிடமே வருவார்!