எண் ஒன்று, தோட்டா வேறு

பழைய போர்க்காலத் துப்பாக்கியை '303' என்று பெரியவர்கள் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். அது குழலின் உள்விட்டம். ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் 303 பங்கு. மில்லிமீட்டரில் ஏறத்தாழ 7.7.

பிரிட்டிஷாரின் லீ என்ஃபீல்டு துப்பாக்கிக்கும், 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் நம் நாட்டுக் காடுகளில் பயன்பட்ட அதன் குட்டையான கார்பைனுக்கும் இதே அளவுதான். ஜப்பானியரின் 99ஆம் வகை அரிசாக்காவுக்கும் 7.7தான். அப்படியானால் ஒன்றின் தோட்டா மற்றதற்குப் பொருந்துமா? பொருந்தாது. பிரிட்டிஷ் தோட்டாவின் அடிவிளிம்பு வெளியே புடைத்திருக்கும். கூட்டின் நீளம் 56 மில்லிமீட்டர். அரிசாக்கா தோட்டாவின் விளிம்பு அப்படிப் புடைத்திராது. கூட்டின் நீளம் 58. ஆகவே, குழலளவோடு கூட்டையும் அளந்து, அடியில் பொறித்த எழுத்தையும் படித்தே நிபுணர்கள் முடிவு சொல்வார்கள்.

அளப்பது நம் வேலையன்று. மண் வெட்டும்போது தோட்டா அகப்பட்டால், களிம்பேறிய பழம்பொருள்தானே என்று பிள்ளைகள் அதைத் தட்டவோ நெருப்பில் போடவோ விடக்கூடாது. பல்லாண்டு கடந்தும் உள்ளிருக்கும் மருந்து வெடிக்கலாம். தொடாமல், இடத்தை அடையாளமிட்டு, காவல் நிலையத்திற்குத் தெரிவிப்போம்.